பூக்கமாட்டேன் என்ற செண்பகம்

அந்தக் காலத்தில் செடிகளுக்கெல்லாம் வாய் உண்டு. அதிலும் அரண்மனை நந்தவனத்துச் செடிகளுக்கு வாய் கொஞ்சம் நீளம். முளைத்த அன்றைக்கே "நான் மல்லி", "நான் அரளி" என்று பேர் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் பூத்தும் காட்ட வேண்டும். பூக்காதது களை. களையை விட்டுவைத்த ஆளுக்கும் அன்றோடு வேலை போச்சு. இது மணியக்காரர் கைலாசம் போட்ட சட்டம். மனுஷன் ஒரு விதைகூட ஊன்றியதில்லை, சட்டம் மட்டும் நன்றாகப் போடுவார்!

அங்கே களையெடுத்துப் பிழைத்தவள் சடைச்சி. மதிலோரம் மைனா எச்சமிட்ட இடத்தில் ஒரு செடி இரண்டு இலை விட்டு நிற்பதைப் பார்த்தாள்.

"யாரு நீ?"

"தெரியாது. பூத்தால்தான் தெரியும்."

"எப்போ பூப்பே?"

"எனக்குத் தோணும்போது."

அடி ஆத்தீ, என்ன திமிர்! அந்தத் திமிர் சடைச்சிக்குப் பிடித்துப்போயிற்று. பிடுங்காமல் விட்டாள். வெயிலுக்கு ஓலை மறைத்து, தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். வருஷம் ஒன்று ஓடியது. செடி அவள் இடுப்பு உயரம் வந்தது. பூ? மூச்! செவ்வந்திகள் கேலி பேசிச் சிரித்தன.

கைலாசம் வந்து நின்றார். "சடைச்சி, இது களைதானே?"

இல்லையென்றால் பேர் சொல் என்பார். ஆமென்றால் செடி போய்விடும். சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"களைதான் ஐயா. இது இல்லேன்னா இந்தத் தோட்டத்து முகத்துலே களையே இருக்காது."

செவ்வந்திகளே வாய்விட்டுச் சிரித்துவிட்டன. கைலாசத்துக்கு முகம் சிவந்தது.

"என்கிட்டேயே வாயா? போடி வெளியே! அதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போ!"

"போறேன். பிடுங்க மாட்டேன்."

அவரே தண்டைப் பிடித்து இழுத்தார். ஆணிவேர் அசையவில்லை. இழுத்த வேகத்தில் மணியக்காரர்தான் மல்லாந்து விழுந்தார். கோடரி கொண்டுவரச் சொன்னார். களையெடுக்கும் பெண்களில் ஒருத்தியும் நகரவில்லை.

"நல்லா கேட்டுக்கோ," என்றது செடி. "அவளை விரட்டின உனக்கு ஒரு பூவும் கிடையாது. பூத்தாலும் உன் கைக்கு எட்டாது."

சடைச்சி மதிலுக்கு வெளியே குடிசை போட்டு, கூலிக்கு நெல் குத்தினாள். வெட்ட ஆள் கிடைக்காத கைலாசம் வருஷாவருஷம் வந்து "பூ எங்கே?" என்று அதட்டினார். அதட்ட அதட்ட அது இன்னும் ஒரு முழம் உயர்ந்தது. எட்டாவது வருஷம் மதிலைத் தாண்டிய உச்சாணிக் கிளையில், மஞ்சளாய் முதல் பூ விரிந்தது. வாசம் ஊரையே தூக்கியது. பூவும் சடைச்சி வாசலில்தான் போய் விழுந்தது. அவள் எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, வாய் நிறைய "செண்பகம்" என்று கூப்பிட்டாள். உள்ளே துரட்டிக் கம்போடு நின்ற கைலாசத்துக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அன்று முதல்தான், விதை போட்டவர் கெஞ்சினாலும் மிரட்டினாலும் செண்பகம் சீக்கிரம் பூப்பதில்லை. பூத்த பிறகும், எப்பேர்ப்பட்ட மணியக்காரரானாலும் அதை அண்ணாந்து பார்த்துத்தான் ஆகவேண்டும்.