குயிலின் கண் சிவந்த கதை

சூரியன் வருடம் முழுக்க ஒரே பொழுதில் எழுந்த காலம் அது. மார்கழியானாலும் சித்திரையானாலும் அதற்கு ஒரே கணக்குத்தான். அந்தப் பொழுதுக்குச் சேவல் கூவும், உலகம் எழுந்துகொள்ளும். மனிதரும் பறவைகளும் அப்போது ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.

கடலோரத்துச் செம்மண் காட்டில் பொன்னுக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் தங்கக்கண் பனையேறி. அவன் இறக்கிவரும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது அவள் பாடு. குடிசைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு குயில் பெண்சாதியோடு குடியிருந்தது. ஆமாம், சொந்தக் கூட்டில்தான். குச்சியையும் பனந்தும்பு நாரையும் பின்னி அது கட்டும் கூட்டை மற்றப் பறவைகள் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

மத்தியானம் பதநீர் கொதிக்கிற நேரத்தில் குயில் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வரும். பொன்னுக்கனி கிண்டிக்கொண்டே பேசுவாள், அது கேட்கும். பிறகு அது பேசும், அவள் சிரிப்பாள். கூடப்பிறந்தவர் இல்லாத அவள் அதை அண்ணே என்று கூப்பிட்டாள். பாகு பதமாகும் வாசனையும் அண்ணனின் பேச்சும் சேர்ந்ததுதான் அவளுக்குக் கோடை.

ஆனால் பனையேறிகளுக்குக் கோடை கொடியது. பதநீர் சுரப்பதும் அப்போதுதான். வெயில் வாட்டுவதும் அப்போதுதான். சூரியன் வந்ததும் வராததுமாகச் சூட்டை மொத்தமாகக் கொட்டிவிடும். ஒரு சித்திரையில் தங்கக்கண்ணின் தம்பி பாதி மரத்தில் கண் இருட்டிக் கீழே விழுந்தான். அப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை.

அடுத்த பங்குனி பிறந்தது. தங்கக்கண் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்தான்.

"இந்த வருசம் ஏற வேண்டாங்க" என்றாள் பொன்னுக்கனி.

"ஏறாம எதத் திங்கப் போறோம், சொல்லுளா."

அவள் மறுநாள் காலையில் கடற்கரைக்கு நடந்தாள். அலைக்குள் முழங்கால் நனைய நின்று, மேலே வந்துகொண்டிருந்த சூரியனைக் கும்பிட்டாள்.

"ஐயா, கோடையில மட்டும் கொஞ்சம் முந்தி வாரும். அவசரமில்லாம ஏறும். மொதல்ல வெளிச்சத்தக் குடும், வெயில மெள்ள இறக்கும். எங்க ஆம்பளைய குளிர்ச்சியோட ஏறி இறங்கிருவாங்க."

சூரியன் யோசித்தது. "வருகிறேன். ஆனால் நான் வரும்போது நீங்கள் விழித்திருக்க வேண்டும். தூங்குகிற ஊருக்காக என் தூக்கத்தை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?"

அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் பழகிய உடம்பு கேட்குமா? மறுநாள் சூரியன் சொன்னபடி முந்தி வந்தது. ஊர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பொன்னுக்கனியும்தான். சேவல் கூவி எழுந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. மரத்தில் கட்டிய கலயத்திலிருந்த பதநீர் பூராவும் புளித்துப் போயிருந்தது.

"இருந்ததையும் கெடுத்தாளே!" என்று ஊர் அவளை ஏசியது. மேற்கே இறங்கும்போது சூரியனும் சொல்லிவிட்டுப் போனது: "நாளைக்கும் தூங்கினால் பழைய நேரம்தான்."

பொன்னுக்கனி சேவலிடம் ஓடினாள்.

"என் தொண்டை ஒரு நேரத்துக்குத்தான் பழகியிருக்கு தாயி. அத மாத்த என்னால ஆகாது" என்றது சேவல்.

அவள் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்து அழுதாள். குயில் கீழே இறங்கியது.

"அழாதே தங்கச்சி. நான் கூப்பிடுறேன்."

மேலே கூட்டிலிருந்து பெண்குயில் எட்டிப் பார்த்தது. "புதுக் கூடு பாதியில நிக்குது. முட்டையிடுற நாள் வந்தாச்சு. நீங்க ஊர எழுப்பப் போனா குச்சி யார் கொண்டாருவா?"

"ரெண்டு நாளைக்குத்தானே. பழகிட்டா அவங்களே எழுந்துக்கிடுவாங்க" என்றது குயில்.

அயர்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் அது இமை மூடவேயில்லை. கிழக்கு வெளுக்குமுன் "கூ" என்றது. யாரும் அசையவில்லை. இன்னும் உரக்க, இன்னும் உச்சத்தில், தொண்டை கிழியும்வரை ஏற்றி ஏற்றிக் கூவியது. கடைசியில் பொன்னுக்கனி துள்ளி எழுந்தாள். தங்கக்கண்ணை உலுக்கினாள். ஊர் எழுந்தது. வெயில் இறங்குவதற்குள் ஆண்கள் மரத்தைவிட்டு இறங்கிவிட்டார்கள். அன்று காய்ச்சிய பாகு பொன்னிறமாக வந்தது.

ஆனால் ஊர் பழகவில்லை. குயில் கூவிய அன்றைக்கெல்லாம் எழுந்தது. கூவாத அன்றைக்குத் தூங்கியது. அதனால் குயில் கோடை முழுக்கக் கூவியது. பகலெல்லாம் இலைக்குள் ஒடுங்கித் தூங்கியது. அதன் கண்கள் பழுத்த மிளகாயாகச் சிவந்தன. கூடு பாதியிலேயே காற்றில் கலைந்தது. முட்டை காத்திருக்குமா? பெண்குயில் பொறுத்துப் பார்த்துவிட்டு, காகம் இரை தேடப் போன நேரம் அதன் கூட்டில் முட்டையிட்டு வந்தது.

அதைக் கேள்விப்பட்ட பொன்னுக்கனிக்கு மனசு ஆறவில்லை. தானே குச்சி பொறுக்கி மரமேறிக் கூடு கட்டப் பார்த்தாள். மனுசக் கைக்கு அது வரவில்லை.

"போதும்ண்ணே. உங்க குடும்பத்தப் பாருங்க."

குயில் தங்கக்கண் ஏறியிருந்த பனையைப் பார்த்தது. "அவன் இறங்கி வரட்டும், தங்கச்சி" என்றது.

அதுதான் அவள் கேட்ட அதன் கடைசிப் பேச்சு. ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அதன் நாக்குக்கு மற்றச் சொற்கள் மறந்துவிட்டன. மழைக்காலம் வந்தது, கூவ வேண்டிய தேவையில்லை, குயிலும் ஓய்ந்திருந்தது. பொன்னுக்கனி கிளையடியில் நின்று எத்தனையோ கேட்டுப் பார்த்தாள். அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டது. பதநீர் கொதித்த அந்த மத்தியானங்களை நினைத்து அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுபடியும் பங்குனி வந்தது. இருட்டோடு "கூ" என்று சத்தம் கேட்டது. பொன்னுக்கனி பாயிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். விழித்துவிட்டேன் என்று தன் பேச்சில் சொன்னால் அதற்கு விளங்காது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அதன் ஒற்றைச் சொல்லையே திருப்பிச் சொன்னாள்: "கூ..."

மரத்திலிருந்து உடனே பதில் வந்தது.

கோடை பிறந்தால் விடியுமுன் குயில் கூவத் தொடங்குவதும், கேட்ட பிள்ளைகள் தம்மையறியாமல் திருப்பிக் கூவுவதும் அந்தப் பங்குனியிலிருந்துதான்.