ஆவுடையப்பனின் விரதம்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆவுடையப்பன் மடத்துக்குத் திரும்பியபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். சமையல்காரன் சுடலைமுத்து கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கும் கஞ்சித் தண்ணிதானா?"

"அதுவும் வேண்டாம்."

"நாங்களும் பிறந்திருக்கோமே. காலையிலே பத்து இட்லி உள்ளே போனாத்தான் எனக்குச் சிவன் ஞாபகமே வருது."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மறுத்தும் சொல்லவில்லை. அப்படி மறுக்காமலேயே மாதங்கள் ஓடியிருந்தன.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு இந்த மடத்துக்கு வந்தவர் அவர். பங்குனியில் ஒருநாள் இட்லித் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்துத் தள்ளினார். பிறகு சோறு நின்றது. குழைத்துச் சாப்பிட்டார். அதுவும் நின்றபோது கஞ்சிக்கு வந்தார். அண்ணாச்சி விரதத்தைக் கடுமையாக்கிக்கொண்டே போகிறார் என்று சுடலைமுத்து ஊரெல்லாம் சொன்னான். ஆடியில், மடத்தை நடத்தும் சாமியைப் பார்க்க வந்தவர்கள் இவர் காலிலும் விழுந்தார்கள். உடம்பு வற்ற வற்ற முகத்தில் ஒளி கூடுகிறது என்றார்கள். கேட்கக் கேட்க அவரே பாதி நம்பிவிட்டார்.

கஞ்சியும் இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். இன்று சொல்லிவிட்டார்கள். உணவுக்குழாயில் புற்று.

சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, ஒரு உத்தரவு வேணும்."

"சொல்லும்."

"நாளையிலேர்ந்து தண்ணியையும் விட்டுடலாம்னு நினைக்கேன். விரதத்திலேயே போயிடுதேன்."

சாமி வேட்டியைப் பிழிந்தார்.

"பசிக்குதா?"

ஆவுடையப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பசிக்குதான்னு கேட்டேன்."

"பசிக்குது சாமி. கண்ணை மூடினா தோசையா வருது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்ன செய்யணும்ங்கார்?"

"கட்டியைச் சுட்டெரிக்கக் கரண்டு வைக்கணும்ங்கார். ஆயுசு முழுக்கக் கம்பத்திலே ஏறி அதுக்குத் தப்பிச்சவன் நான். கூடவே மருந்து ஏத்தணும். பிறகு ஆப்பரேஷன் பண்ண முடியுமான்னு பார்க்கணும். இந்த உடம்பு எதையும் தாங்காதாம். அதனாலே முதல்லே வயித்திலே ஓட்டை போட்டுக் குழாய் வச்சு, அது வழியா ஆகாரம் விடணுமாம்."

"பிழைப்பீரா?"

"பார்க்கலாம்ங்கார்."

"பார்க்கலாம்னு அவர் சொல்லும்போது தண்ணியை விட உமக்கென்ன அவசரம்?"

"வயித்திலே குழாயோட கிடக்கிறதுக்கு, விரதம் இருந்து போனான்னு பேராவது மிஞ்சுமே. இதிலே நம்பி இருக்க என்ன இருக்கு சாமி?"

சாமி வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டார்.

"நாளைக்குப் பந்திக்கு வாரும்."

மறுநாள் சாமியின் பக்கத்திலேயே ஆவுடையப்பனுக்கு இலை விழுந்தது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த மடத்தில் யாரும் இலையை மடிப்பதில்லை, எழுந்திருப்பதுமில்லை. அதனால்தான் இத்தனை மாதமும் அவர் பந்திப் பக்கமே வராமல் இருந்தார்.

சுடலைமுத்து ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து வைத்தான். ஆவுடையப்பன் ஒரு மடக்குக் குடித்தார். இறங்கவில்லை. குனிந்து, தான் கொண்டுவந்திருந்த கிண்ணத்தில் துப்பினார். இன்னொரு மடக்கு. பாதி இறங்கியது, மீதி நுரையாக மேலே வந்தது. காலில் விழுந்தவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுடலைமுத்து ரச வாளியோடு நின்றுவிட்டான்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றான்.

மோர்ச்சோறு முடித்தவர்கள் கை காய உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் மெதுவாக, "சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"இங்கே ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்" என்றார் சாமி.

ஆவுடையப்பன் தன் இலையை மடித்தார்.

சாமி இடது கையால் அதை விரித்தார்.

"பசி போயிட்டுதா?"

"இல்லை."

"பிறகென்ன? குடியும்."

குடித்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பந்தியும் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றவர் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

டம்ளரில் கால்வாசி குறைந்திருந்தது.

"இதுக்கே இத்தனை பேரைக் காக்க வச்சாச்சு" என்றார் ஆவுடையப்பன். "வயித்திலே குழாயை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பந்தியிலே உட்காருவேன் சாமி?"

"மேல்துண்டைக் கொஞ்சம் விலக்கிக்கிட்டு" என்றார் சாமி.