வேலை விட்டால் தலை போகும்

ராஜாக்களுக்கு எப்போதாவது ஒரு யோசனை வரும். வந்தால் ஊருக்குத் தூக்கம் போகும். மழவூர் ராஜா சூரப்பருக்கு அப்படி ஒன்று வந்தது, சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில்.

"வயசுக்கு வந்த ஆம்பிளை எல்லாரும் இனிமே படையில சேரணும். முடியாதுன்னு எவனும் சொல்லப்படாது. ஆளுக்கொரு வேலைக் கொடுத்து மைதானத்துல நிறுத்துங்க!"

யோசனையை ஊதிவிட்டவர் படைத்தலைவர், தளவாய் உக்கிரப்பர். அவர் மீசை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

காளத்தியப்பர் சபையில் உத்தரவு எழுதுகிறவர். ராஜா சொல்வதை ஓலையில் ஏற்றித் தமுக்குக்காரனிடம் கொடுப்பது அவர் பாடு.

"மகாராஜா, நாத்து நடுற சமயமாச்சே..." என்று இழுத்தார்.

"நல்லதைப் பாரும் ஓய்!" என்றார் ராஜா.

நல்லது இல்லாமல் இல்லை. காளத்தியப்பரே அதை ஒத்துக்கொண்டார். சாவடியில் தாயம் உருட்டிய தடியன்கள் சூரியனுக்கு முன்னால் எழுந்தார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கூழ் குடித்தன. காட்டுப் பாதையில் திருட்டு பயம் போனது. திருடனும் மைதானத்தில்தானே நின்றான்!

கெட்டது மெல்ல வந்தது. பானை உடைந்தால் வேறு பானை கிடையாது. குயவர் இடது கால், வலது கால் பழகிக்கொண்டிருந்தார். நாற்று நாற்றங்காலிலேயே பழுத்தது. பக்கத்து நாட்டு ராஜா இதைக் கேள்விப்பட்டு, "ஐயோ, நம்ம மேல பாயப் போறான்" என்று பயந்து, தன் ஜனங்களையும் பிடித்து நிறுத்தினார். அதைக் கேட்டு நம் ராஜா இன்னும் பயந்தார். இரண்டு நாடும் ஒன்றை ஒன்று பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றன. இரண்டு நாட்டிலும் கத்தரிக்காய் கிடைக்கவில்லை.

ஜனங்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? தளவாய் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கையில் இருந்ததைப் புதரில் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினார்கள். மைதானத்தைச் சுற்றி எந்தப் புதரை விலக்கினாலும் வேல்.

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது.

"எழுதும் ஓய்! எவனும் வேலை விடக் கூடாது. விட்டால் தலை போகும். இதுல ஒரு எழுத்து மாறினாலும் உம்ம தலைதான் முதல்ல!"

"அப்படியே எழுதுறேன் மகாராஜா."

எழுதினார். எழுதியதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு, தமுக்கு அடிக்கிற சடையனிடம் ஓலையை நீட்டினார்.

சாயங்காலம் தெருத்தெருவாகத் தமுக்கு அதிர்ந்தது. "எவனும் வேலை விடக் கூடாது! விட்டால் தலை போகும்!"

மறுநாள் காலை மைதானத்தில் தளவாய் நின்றார். மீசை நின்றது. வேறு ஒரு ஈ, காக்காய் இல்லை.

ஊருக்குள்ளே ஏர் ஓடியது, தறி ஆடியது, உலை ஊதியது. தளவாய் அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா! காளத்தி உத்தரவைத் திருத்திட்டான்! எல்லாப் பயலும் அவனவன் தொழிலுக்குப் போயிட்டான்!"

காளத்தியப்பரை இழுத்து வந்தார்கள். பிடரிக்குப் பின்னால் காவலாள் கத்தியை ஓங்கி நின்றான்.  அவர், "சடையனைக் கூப்பிட்டுக் கேளுங்க மகாராஜா" என்றார்.

சடையன் வந்து அப்படியே கூவினான். ஒரு எழுத்து மாறவில்லை.

"பின்னே ஏன் எவனும் வரல?"

குயவரைக் கூப்பிட்டார்கள். கை நிறைய மண்ணோடு வந்து கும்பிட்டார்.

"சாமி, வேலை விட்டாத் தலை போகும்னீங்க. விடிஞ்சதிலேர்ந்து சக்கரத்தை விட்டு எந்திரிக்கல. ஒண்ணுக்குப் போகவே பயமா இருக்கு. இப்ப நீங்க கூப்பிட்டு வந்ததுக்குத் தலை போகாதே?"

ராஜா தனக்குள் முணுமுணுத்தார். "வேலை விடாதே... வேலை விடாதே..." உதட்டோரம் துடித்தது.

தளவாய் விடவில்லை. "வேல்னு சொன்னாத்தானே வம்பு? ஈட்டின்னு போடுவோம் மகாராஜா. நாளைக்கு எல்லாரும் ஈட்டி கொண்டு வரணும்!"

"போடலாம்" என்றார் காளத்தியப்பர். "ஈட்டிக்கொண்டு வரணும்னா, சம்பாதிச்சுக் கொண்டு வரச் சொல்றாருன்னு ஊர் நினைக்கும். அத்தனை பேரும் சந்தைக்குப் போயிடுவாங்க."

"அப்போ வாள்! எல்லாரும் வாளை எடுத்துக்கிட்டு வரணும்! இதுக்கு என்னய்யா சொல்றீர்?"

காளத்தியப்பர் சிரிக்கவில்லை. கத்தி இன்னும் இறங்கவில்லையே!

"நல்ல உத்தரவு தளவாயரே. ஆத்துல இப்ப வாளை மீன் கொழுத்துத்தான் கிடக்கு."

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. "கத்தியை இறக்குடா!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காளத்தி, விளையாட்டு போதும். எல்லாரையும் படையில நிறுத்துறதுல நன்மை என்ன, தீமை என்ன?" என்று கேட்டார்.

"நன்மை, ஊருல எல்லார் கையிலும் வேல் இருக்கும் மகாராஜா. தீமை, எவன் கையிலும் வேலை இருக்காது."

"பக்கத்து நாட்டான் வந்துட்டா?"

"அவனும் நாத்து நடத்தான் தவிச்சுக்கிட்டிருக்கான். நீங்க முதல்ல ஆளுங்களை வயலுக்கு அனுப்புங்க, அவனும் அனுப்புவான்."

"அனுப்பலேன்னா?"

"தமுக்குச் சத்தம் ஒண்ணு போதும். நட்ட வயலைக் காப்பாத்த, நான் ஓலை எழுதாமலே நம்ம ஆளு ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்."

ராஜா யோசித்தார். பிரியப்பட்டவன் மட்டும் படைக்கு வரட்டும், மற்றவன் அவனவன் தொழிலைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, தளவாயைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"ஆனா தளவாய் மனசு நோகக் கூடாது. அவர் சொன்னதையும் எழுதும் ஓய். நாளைக்கு எல்லாரும் வாளை எடுத்துக்கிட்டு அரண்மனைக்கு வரணும்!"

மறுநாள் அரண்மனை வாசலில் கூடை கூடையாக மீன் துள்ளியது. தளவாய் ஒருத்தர்தான் பளபளவென்று தீட்டின வாளோடு வந்து விறைப்பாக நின்றார்.

சமையல்காரர் வெளியே வந்தார். மீனைப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார்.

"நல்ல வேளை, நீங்களாவது கொண்டாந்தீங்க. இத்தனை மீனை அரிய அரிவாள்மணை பத்தாதேன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்று வாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.