அக்காவின் பதினேழு ஓலைகள்

முன்னொரு காலத்தில் ஒரே மொழியை மூன்று நாட்டார் பேசி, மூன்று விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரை நாட்டார் ஓர் எழுத்தையே கைவிட்டு, அந்த இடத்தில் வேறோர் எழுத்தை இரண்டு முறை போடுவார்கள். பேச்சில் வேறுபாடே தெரியாது. ஓலையில்தான் தகராறு. இக்கரை அரசருக்குத் திடீரென்று இது மானப் பிரச்சினையாகிவிட்டது. வேலையில்லாத அரசர்களுக்கு வருகிற நோய் அது.

“நம் நாட்டில் இனி ஒரே எழுத்துமுறை. அக்கரை முறையில் எழுதியது ஓர் ஓலைகூட இருக்கக் கூடாது” என்றார்.

தலைமை எழுத்தர் விருத்தகிரியாருக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. அரசவை விகடன் அம்பலத்தாடியைக் கண்டாலே அவருக்கு வயிறெரியும். அவன் பெட்டியில் இருப்பது என்ன என்பதும் அவருக்குத் தெரியும்.

சபையையே சிரிக்க வைத்துவிட்டு வீடு திரும்பினால், அம்பலத்தாடியை வரவேற்க அங்கே ஒரு பூனைகூடக் கிடையாது. இருந்த ஒரே உறவு அக்கரையில் வாழ்க்கைப்பட்ட அக்கா. அவளும் மூன்று ஆண்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அக்கரை முறையில் எழுதிய பதினேழு ஓலைகள்தான் மிச்சம். பாவம், அவ்வளவுதான் அவன் சொந்தபந்தம்.

“அரசே, எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை என்று ஆணையில் சேர்ப்போம். அகப்பட்ட ஓலைகளைச் சபையில் உரக்க வாசித்துவிட்டு எரிக்க வேண்டும். வாசிப்பது என் பொறுப்பு. திரட்டுவது நம் அம்பலத்தாடியாரின் பொறுப்பாகட்டும்” என்றார் விருத்தகிரியார். அரசர் யோசிக்காமல் தலையசைத்தார்.

“ஆணைப்படியே செய்கிறேன், அரசே” என்று வணங்கினான் அம்பலத்தாடி.

மறுநாள் காலை ஒரு துணிமூட்டையும் ஒரு சந்தனப் பேழையுமாகச் சபைக்கு வந்தான். “மூட்டை என் வீட்டில் எடுத்தது. பேழை அரண்மனையில் எடுத்தது. எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லையாம். ஆணையைக் காட்டினேன், காவலர் கொடுத்துவிட்டார்கள்.”

அரசர் சட்டென்று எழுந்துவிட்டார். காலமான அரசியார் அக்கரை நாட்டு இளவரசி. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது அரசருக்கு எழுதிய ஓலைகள் அவை.

“உரக்க வாசிக்க வேண்டும், எழுத்தரே” என்று பேழையில் மேலே கிடந்த ஓலையை நீட்டினான் அம்பலத்தாடி. விருத்தகிரியார் அரசரைப் பார்த்தார். வாசிப்பது தம் பொறுப்பு என்று சொன்னவர் அவரேதான். வேறு வழியில்லாமல் வாசித்தார்:

“என் மன்னருக்கு, இங்கே யாவரும் சுகம். உங்கள் குறட்டை கேட்காமல் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நேற்று யானைக் கொட்டடிப் பக்கம் போய்ப் படுத்த பிறகுதான் கண் அசந்தேன்.”

சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. அரசர் கண் கலங்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அரசியார் போனபின் அப்படிச் சிரித்ததே இல்லை.

“போதும். எதையும் எரிக்க வேண்டாம்” என்றார். “அரசு ஓலையிலும் பள்ளிக்கூடத்திலும் மட்டும் ஒரே முறை இருக்கட்டும். அதையும் மூன்று நாட்டுப் புலவர்களும் கூடி முடிவு செய்யட்டும். வீட்டில் யார் எப்படி எழுதினாலும் அரசு கேட்காது. விருத்தகிரியாரே, நம் சார்பில் நீர் போய் உட்காரும். மூன்று நாட்டாரும் ஒத்துப்போன பிறகு திரும்பினால் போதும்.”

புலவர்கள் என்றைக்கு ஒத்துப்போவது, அவர் என்றைக்குத் திரும்புவது!

தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார் அரசர். “வேறு என்ன வேண்டும்?”

“இந்த மூட்டை போதும், அரசே. ‘சாப்பிட்டாயா தம்பி’ என்றுதான் அக்கா ஒவ்வொரு ஓலையையும் தொடங்குவாள். அவளுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.”

அரசர் அவன் தோளில் கை வைத்தார்.

“அம்பலத்தாடி, சாப்பிட்டாயா?”

எதற்கும் பதில் வைத்திருப்பவன், அன்று வாயடைத்து நின்றான்.

“அட, உன்னையும் ஒருவன் மடக்கிவிட்டான்!” என்று உரக்கச் சிரித்த அரசர், சமையற்காரரை அழைத்து இரண்டு இலை போடச் சொன்னார்.