பேனரில் மிஞ்சிய முகம்

யாராவது வணக்கம் சொன்னால்கூட, இவன் எதற்குச் சொல்கிறான் என்று யோசிக்கிற ஆள் ஏகாம்பரம். அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் வேறு. தன் பிறந்தநாளுக்குத் தன்னையே வாழ்த்தி ஃபிளெக்ஸ் பேனர் அடிக்க டிஜிட்டல் பிரிண்டிங் கடைக்கு வந்தார். மேலே, டை அடித்த தலையும் கூலிங் கிளாஸுமாகத் தன் படம் பெரிதாக. கீழே, வாழ்த்தும் உறுப்பினர்களின் முகங்கள் வரிசையாக.

டிசைன் போடுகிற ஜெசிந்தா வரிசையைத் திரையில் காட்டினாள்.

"இவன் என் பதவிக்கு அலையறான், தூக்கு. இந்தம்மா சிரிக்கறா. எதுக்குச் சிரிக்கணும்? தூக்கு."

இப்படியே வரிசை காலி.

"இப்ப நம்பிக்கையான முகமாப் போட்டு நிரப்பு. சாயந்தரத்துக்குள்ள முடியலேன்னா, முதலாளி, இந்தப் பொண்ணை அனுப்பிடுங்க. இல்லேன்னா எங்க சங்கத்து ஆர்டரே கிடையாது."

முதலாளி தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

போன மாதம் அடையாள அட்டைக்காக ஏகாம்பரம் கொடுத்திருந்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. நரைத்த தலையோடு இருந்த அந்தப் படத்தை எடுத்து வரிசையின் நடுவில் வைத்தாள் ஜெசிந்தா.

"இவரை நம்பலாமா சார்?"

ஏகாம்பரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முழியே சரியில்லையே! திருட்டு முழி. முதல்ல இவனைத் தூக்கு. யாரு இவன்?"

"நீங்கதான் சார். டை அடிக்கறதுக்கு முன்னாடி."

கடையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் சிரித்தது முதலாளிதான். இனி அவள் வேலைக்குப் பயமில்லை.

"தூக்கிட்டேன் சார்," என்றாள் ஜெசிந்தா அடக்கமாக. "மேல பெரிசா இருக்கறதும் இவர்தான். அதையும் தூக்கிடட்டுமா?"