கரிக்காட்டுக்குக் கல் இல்லை

"அம்மா, இருக்கிறது ஒரே ஒரு வண்டி. அதை எந்த ஊருக்கு அனுப்பறதுன்னு நானும் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க."

திருவேங்கடம் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டபோது மடத்தின் குரு நாச்சியம்மை ஒரு நோயாளியின் வாயில் கரண்டியால் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர்ல நோவு அதிகம்?" என்றார், திரும்பாமலே.

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?"

"வெளியே ஒரு குவியல் கிடக்குதே. அதைக் கேளுங்க."

அவ்வளவுதான். அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

திருவேங்கடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் குருவின் கிரீடம் கீழே விழுந்துவிடுமா என்ன?

அந்த வருஷம் மழை விட்டதும் ஆற்றோர ஊர்களில் பேதி பரவியது. ஆற்றங்கரை மடத்துக்கு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாச்சியம்மையின் மருந்து உப்புப் போட்ட கஞ்சி. அதைக் கரண்டி கரண்டியாக, சலிக்காமல், உட்கார்ந்து ஊட்ட வேண்டும். நேரத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்.

வர முடியாமல் ஊரிலேயே கிடப்பவர்களுக்குத்தான் அந்த வண்டி. கஞ்சிப் பானைகளையும் ஊட்டத் தெரிந்த நாலு பேரையும் ஏற்றி அனுப்பலாம். ஒரு ஊருக்குத்தான் அனுப்பலாம். வண்டி போகிற ஊர் பிழைக்கும்.

திருவேங்கடம் சொந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தலை நரைத்த பிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். குருவுக்கோ அவருடைய மகள் வயது. "வாத்தியாரே" என்றுதான் குரு சிஷ்யரைக் கூப்பிடுவார். அது அங்கே யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

குவியல் என்று நாச்சியம்மை சொன்னது மதிலோரம் கிடந்த கற்களை. மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தெளிந்தவர் எழுந்து ஆறு வரைக்கும் நடக்கிற நாளில், ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து மதிலோரம் போடுவார். பிறகு தெம்பு வரும்வரை கொட்டகையில் இருந்துவிட்டு ஊர் திரும்புவார்.

திருவேங்கடம் குவியலுக்கு முன்னால் போய் நின்றார். கேட்டார். கல் பேசுமா? பேசவில்லை.

கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. கொட்டகையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

"அவங்கவங்க கல்லை எடுங்க."

எடுத்தார்கள். செத்துப் பிழைத்தவனுக்குத் தன் கல் தெரியாமல் போகுமா? திருவேங்கடம் மதிலில் சுண்ணாம்பால் ஆற்றோர ஊர்களின் பெயர்களை எழுதினார். ஈச்சங்குடி, தாழைமேடு, நாவற்பட்டி, கரிக்காடு என்று ஒன்று விடாமல் எழுதினார். அந்தந்த ஊர்க்காரர் கல்லை அந்தந்தப் பெயருக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்.

தாறுமாறாகக் கிடந்த குவியல் தூண் தூணாக எழுந்தது. அவருக்கே மெய் சிலிர்த்தது. ஈச்சங்குடித் தூண் அவர் தோளைத் தொட்டது.

உள்ளே ஓடினார்.

"அம்மா, ஈச்சங்குடி! வண்டியைப் பூட்டச் சொல்லட்டுமா?"

நாச்சியம்மை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தூண்களைப் பார்த்தார். ஈச்சங்குடித் தூணின் மேலிருந்து ஒரு கல்லை இரண்டு கைகளாலும் மூச்சுப் பிடித்து இறக்கினார்.

"இது எத்தனை ஆளு?"

"ஒரு ஆளு."

நாவற்பட்டித் தூணிலிருந்து ஒரு கூழாங்கல்லை இரண்டு விரலால் எடுத்தார்.

"இது?"

"அதுவும் ஒரு ஆளுதான்."

ஈச்சங்குடிக்காரர்கள் பாறை உடைக்கிறவர்கள். நோயிலிருந்து எழுந்தாலும் வீம்பு போகாமல் பெரிய பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்திருந்தார்கள். நாவற்பட்டிக்காரர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்திருந்தார்கள்.

நாச்சியம்மை உள்ளே போய்விட்டார்.

திருவேங்கடம் கற்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே அச்சில் வார்த்த செங்கற்களை வைத்தார். ஆளுக்கு ஒன்று. வைத்து முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். ஈச்சங்குடி அவர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. நாவற்பட்டி இடுப்புக்கு மேல் நின்றது.

கொஞ்சம் தப்பியிருந்தால் வண்டியை எங்கே அனுப்பியிருப்பார்! நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இனிமேல் அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தூண்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசிப் பெயருக்கு முன்னால் வந்து நின்றார்.

கரிக்காடு. அதன் கீழே வெறும் தரை.

ஒரு செங்கல்கூட இல்லை.

இந்த முறை அவர் ஓடவில்லை. யோசித்தார். கரிக்காட்டுக்காரர்கள் விறகை மண்ணால் மூடிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள். விடிந்தால் அடைந்தால் கரிப்புகையிலேயே இருக்கிறவர்கள். அதே ஆறு, அதே தண்ணீர். ஆனாலும் அந்த ஊரில் ஒருவருக்கும் நோய் இல்லை. அப்படியானால்?

மதிலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். யோசித்து முடித்த பிறகு ஓடினார்.

"அம்மா! மருந்து கிடைச்சிருச்சு!"

"என்ன மருந்து?"

"கரிப்புகை! கரிக்காட்டுல ஒருத்தருக்கும் நோவு இல்லை. வீட்டுக்கு வீடு மூட்டம் போடச் சொல்லணும். வண்டியில கஞ்சியே வேண்டாம்மா, கரியை ஏத்துவோம்!"

நாச்சியம்மை அவர் முகத்தையே பார்த்தார். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கரிக்காட்டுப் புகையை நீங்க பாத்திருக்கீங்களா, வாத்தியாரே?"

"இல்லை. ஆனா..."

"ஒரு குடம் பிடிச்சுக்கிட்டு வாங்க. வண்டி அதுவரைக்கும் நிக்கட்டும்."

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். நம் வாத்தியார் அப்படிப்பட்டவர் இல்லை. உண்மையிலேயே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார். வாயைக் கட்ட ஈரத்துணியும் எடுத்துக்கொண்டார். குருவின் சொல்லில் ஏதாவது சூட்சுமம் இருக்கும் என்று நினைத்தபடி ஆற்றோரமாக நடந்தார்.

கரிக்காட்டில் புகை இல்லை.

மூட்டங்கள் எல்லாம் அவிந்து கிடந்தன. சரிந்து சிதறி, மண்ணும் கரியுமாகத் தரையெல்லாம் கறுத்துக் கிடந்தது. ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமுதல் கால்வரை கரி. கண் மட்டும் தெரிந்தது.

"ஏம்மா, ஊர்ல மூட்டம் போடலையா?"

"போடறதுக்கு ஆள் வேணுமே."

"எல்லாரும் எங்கே?"

அவள் கையை நீட்டி வீட்டுக்குப் பின்புறம் காட்டினாள்.

திருவேங்கடம் எட்டிப் பார்த்தார். புது மண். நீளநீளமாக, ஒன்றை ஒட்டி ஒன்றாக, மேடு மேடாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வரிசை எங்கே முடிகிறது என்று அங்கிருந்து தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"இந்த ஊர்ல நோவே இல்லைன்னு நினைச்சேன்."

"யாரு சொன்னா?"

யார் சொன்னது? மதில் சொன்னது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"ஏன்மா மடத்துக்கு வரலை? அங்க வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களே!"

"வந்தோமே."

திருவேங்கடம் அவளைப் பார்த்தார்.

"முதமுதல்ல என் வீட்டுக்காரருக்குத்தான் வந்துச்சு. கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்தோம். வாசல்ல இருந்தவரு, உடம்பெல்லாம் கரியா இருக்கே, ஆத்துல குளிச்சிட்டு, துணி காய்ஞ்சதும் உள்ள வாங்கன்னாரு. சரின்னு குளிச்சோம். அவரையும் குளிப்பாட்டினோம். கரி என்ன ஒரு முழுக்குல போற அழுக்கா? இன்னும் போகலையே, இன்னொரு தடவை குளிச்சிட்டு வாங்கன்னாரு. ரெண்டாந்தடவை முக்கி எடுக்கும்போது அவரு தலை தொங்கிருச்சு."

அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது.

"அதுக்கப்புறம் இந்த ஊர்ல யாரும் அங்க வரலை. சாகிறவங்க வீட்டுலயே காய்ஞ்ச துணியோட சாகட்டும்னு விட்டுட்டோம்."

"வாசல்ல இருந்தது யாரும்மா?"

கேட்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"யாரோ பெரியவரு. அவரைக் குத்தம் சொல்லக் கூடாது. நல்லாத்தான் பேசினாரு. ஐயா, ஐயான்னு மரியாதையாத்தான் சொன்னாரு."

குடம் கையிலிருந்து நழுவி உருண்டது.

அவருக்கு அந்த நாள் நினைவு வந்தது. நோய் தொடங்கிய புதிதில் வாசல் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. மடத்துத் தரை சேறும் சகதியுமாகக் கிடக்கிறதே என்று வருத்தப்பட்டு, அழுக்கோடு வருகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது அவர்தான். நாச்சியம்மை நோயாளிகளை விட்டு வாசல் பக்கம் வந்ததே இல்லை. தரை சுத்தமானதில் வாத்தியாருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு கட்டில் வந்ததும், திரும்பிப் போனதும் அவருக்கு லேசாகத்தான் ஞாபகம் இருந்தது. திரும்பி வராததை அவர் கவனிக்கவே இல்லை.

கரித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார். அதே கைகளால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

"யாரது?"

"என் மக. நேத்திலேருந்து."

திருவேங்கடம் எழுந்து உள்ளே போனார். சின்னப் பெண். கண் குழிந்து, உதடு வெடித்துக் கிடந்தாள். வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் இருந்த தாய் பதறி எழுந்தாள்.

"எங்க கொண்டு போறீங்க? குளிப்பாட்டவா?"

"இல்லம்மா, இல்லை" என்றார்.

நடந்தார் என்று சொல்வதா, ஓடினார் என்று சொல்வதா? அந்த வயதில் அவர் அப்படிப் போவார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாயும், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அவளுடைய கொழுந்தனும் பின்னாலேயே வந்தார்கள்.

மடத்து வாசலில் இளைய சிஷ்யன் சித்தாண்டி இருந்தான். திருவேங்கடம் கல் எண்ணப் போன பிறகு வாசல் பொறுப்பு அவனுக்கு வந்திருந்தது. தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஐயா, உடம்பெல்லாம் கரியா இருக்கு. ஆத்துல குளிச்சிட்டு, துணி காய்ஞ்சதும் வாங்க."

குரலில் கடுமை இல்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடியே, மரியாதையாகச் சொன்னான்.

"சித்தாண்டி, நான்தான்டா."

சித்தாண்டி உற்றுப் பார்த்தான். திடுக்கிட்டான்.

"அண்ணே, நீங்களா! அடையாளமே தெரியலையே. மன்னிச்சிருங்கண்ணே. நீங்க உள்ள வாங்க, நீங்க வாங்க. பிள்ளையை அவங்க கையில குடுத்துருங்க. அவங்க மட்டும் குளிச்சிட்டு வந்துரட்டும்."

திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தாய் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டியபடி நின்றாள். கொழுந்தன் அதற்குள் ஆற்றுப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தான்.

"வேண்டாம்! இறங்காதீங்க! உள்ள வாங்க!"

திருவேங்கடம் போட்ட சத்தத்தில் கொட்டகையில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சித்தாண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கழுவித் துடைத்த தரையில் அவருடைய கறுத்த கால் தடங்களும், அவர்களுடைய கால் தடங்களும் பதிந்துகொண்டே போயின.

நாச்சியம்மை பிள்ளையை மடியில் கிடத்தி, உதட்டில் கரண்டியை வைத்தார்.

முதல் கரண்டி வெளியே வந்துவிட்டது. அடுத்ததும் வந்துவிட்டது. அப்புறம் ஒன்று தொண்டைக்குள் இறங்கியது. தாய் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

"பிழைச்சுக்குவா" என்றார் நாச்சியம்மை.

பிறகு தலையை நிமிர்த்தி, அந்தத் தாயைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார். திருவேங்கடத்தின் முகத்தில் இருந்த கரியைப் பார்த்தார்.

"சித்தாண்டி, கஞ்சிப் பானையை ஏத்து. வண்டி கரிக்காட்டுக்குப் போகட்டும்."

திருவேங்கடம் மதில் பக்கம் பார்க்காமல், சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"என்னால எத்தனை பேரும்மா?"

நாச்சியம்மை அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றினார். வெளியே மாட்டை நுகத்தில் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"வண்டி கிளம்புது. போய் எண்ணிட்டு வாங்க, வாத்தியாரே."