ஒற்றைக் கைச் சட்டையும் பாதிக் குளமும்

முரசறைந்து ஓர் ஆணை போட்டுவிட்டால் உலகம் அன்றைக்கே திருந்திவிடும் என்று ராஜாக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. கேளுங்கள், அந்தக் காலத்தில் பூழிக்காடு என்னும் நாட்டைச் சேந்தன் என்னும் ராஜா ஆண்டுவந்தான்.

அந்த நாட்டில் ஆவுடையாள் என்று ஒருத்தி. அவளுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. தெருவில் சேலை நெய்ய நீளவாட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டியிருப்பாள். முற்றத்தில் பாதி முடைந்த ஓலைப்பெட்டி கிடக்கும். மூலையில் பாதி தைத்த சட்டை கிடக்கும். கொஞ்சம் நெய்வாள், கொஞ்சம் முடைவாள், கொஞ்சம் தைப்பாள்.

ஒருநாள் காலை ராஜா அந்தத் தெரு வழியே வந்தான். கஞ்சி தடவிக் காயவைத்திருந்த பாவில் கால் சிக்கி விழுந்தான். அதுவும் எப்படி? கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம்!

தெருவே சிரித்தது. ஆவுடையாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயோ, இழை அறுந்துச்சா?" என்று குனிந்து நூலைத்தான் பார்த்தாள். ராஜாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அரண்மனைக்குத் திரும்பிய உடனே முரசு முழங்கியது. "ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது! பாதியில் நிற்பதையெல்லாம் பொழுது சாய்வதற்குள் பிரித்துப் போட வேண்டும்!"

பிரிப்பதா? அந்தப் பாவுக்கு நூல் நூற்கவே நாலு மாதம் ஆகியிருந்தது. இவர் கீழே பார்த்து நடக்காததற்கு நூல் என்ன செய்யும்? ஆவுடையாள் பெட்டியையும் சட்டையையும் இடுக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

ராஜா இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். இலையில் வெறும் சோறு. அதுவும் ஆறிப்போன சோறு.

"குழம்பு எங்கேடா?" என்று கத்தினான்.

"சோறு முடிஞ்சுது மகாராஜா. இப்பத்தான் பருப்பைக் கழுவுறேன்" என்றான் சமையல்காரன் நம்பி. "பருப்பை இறக்கினப்புறம் புளி கரைப்பேன். ரசம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடும். ஆணைன்னா ஆணைதானே?"

ஆவுடையாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். "சோறு வேகும்போது பருப்பைக் கழுவினா அது குத்தமா, மகாராஜா? கஞ்சி காயும்போது நான் பெட்டி முடைஞ்சா மட்டும் எப்படிக் குத்தம்?"

ராஜா வெறுஞ்சோற்றைப் பார்த்தான். பசி அவனைக் கொஞ்சம் நியாயஸ்தனாக்கியிருந்தது.

"சரியம்மா, வாயாடி. உன் வேலை ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல். சொல்ல முடியாததை உன் கையாலேயே பிரிக்க வேண்டும். பாவு?"

"கஞ்சி காயணும்."

"பெட்டி?"

"ஓலை தண்ணியில ஊறணும். ஊறாம மடிச்சா ஒடிஞ்சுபோகும்."

"சட்டை?"

ஆவுடையாள் இடுக்கியிருந்த சட்டையைப் பார்த்தாள். அது நாத்தனாரின் கைக்குழந்தைக்காகத் தொடங்கிய சட்டை. அந்தக் குழந்தை இப்போது தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுகிறது. சட்டைக்கு இதுவரை ஒரு கைதான் வைத்திருக்கிறாள். மற்றொரு கையைக் குட்டையாக வெட்டிவிட்டாள். பிறகு அதைப் பார்க்கவே பிடிக்காமல் மூலையில் போட்டுவிட்டாள்.

ஊசி ஒடிந்துவிட்டது என்று சொல்லலாம். நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லி ஜெயித்தால் அது ஜெயித்ததாகுமா?

"இது எதுக்கும் காத்திருக்கலை மகாராஜா. தப்பா வெட்டினேன். வெட்கமா இருந்துச்சு, ஒளிச்சு வெச்சேன்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தாள்.

சுற்றி நின்ற அரண்மனை ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ராஜா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

கடைசி இழையை உருவிவிட்டு ஆவுடையாள் நிமிர்ந்தாள். "கிழக்கு வாசல்ல நீங்க பாதி வெட்டின குளம் எதுக்காகக் காத்திருக்கு?"

சிரிப்பு நின்றது.

"அது வந்து... மழைக்காக..."

"மழை மூணு வருஷமா வந்துட்டுத்தான் போகுது. நிக்க இடமில்லாம."

 சொல்ல முடியாததைப் பிரிக்க வேண்டும் என்று ராஜாதானே சொன்னான்? ஆனால் குளத்தை எப்படிப் பிரிப்பது? வெட்டித்தான் முடிக்க வேண்டும்.

முரசுக்காரன் மறுபடியும் தெருத்தெருவாக ஓடி, காலையில் சொன்னது செல்லாது என்று சொல்லிவந்தான். ராஜா குளத்தை வெட்டி முடித்தான்; அந்த வருஷத்து மழை பூழிக்காட்டிலேயே தங்கியது. பிரித்து மறுபடி தைத்த சட்டையும் இரண்டு கைகளோடு நாத்தனாரின் அடுத்த குழந்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆகவே கேட்டவர்களே, எத்தனை வேலையை வேண்டுமானாலும் பாதியில் வைத்திருக்கலாம். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்ல முடியாத வேலை, வேலையே இல்லை, வெறும் சாக்கு.